சுவரெல்லாம் சேலை கட்டிய மாலை

நான் நல்ல பாட்டுக் கேட்ட இடங்கள் எல்லாமே வேறு எதற்கோ கட்டப்பட்டவை.

சம்மாந்துறையில் அது ஒரு டியூசன் கொட்டில். ட்ரம்ஸ் அடித்தவரின் தலைக்குப் பின்னால் கரும்பலகையில் ஒரு முக்கோணம் அழிக்கப்படாமல் நின்றது. அவர் ஓங்கி அடிக்கும்போதெல்லாம் சோக்குத்தூள் உதிர்ந்து அவருடைய தோளில் படிந்தது. மட்டக்களப்பில் அது தையற்கடைக்கு மேலே இருந்த மாடியறை. கீழே மெஷின்கள் ஓடிய அதிர்வு உள்ளங்காலில், பேஸ் கிற்றாரின் அதிர்வு நெஞ்சில். இரண்டு பக்கத்தாலும் தைக்கப்பட்டவனைப்போல நின்றேன். அறுகம்பையில் அது அலையில் சறுக்க வந்த வெள்ளைக்காரர் சாப்பிடும் கொட்டகை. தரை முழுக்க மணல், ஆடியவர்கள் எழுப்பிய மணல் என் தேநீருக்குள். கல்முனையில் ஒரு தடவை ஐஸ் உடைக்கும் முற்றம். பாடியவரின் செருப்பு நனைந்து, நாலாவது பாட்டில் அவர் வெறுங்காலோடு நின்றார். குளிரில் கால் மாற்றி மாற்றி நின்றதில் பாட்டுக்கே ஒரு துள்ளல் வந்தது. அந்தத் துள்ளலை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

இப்படிப்பட்டவர்களைப் பெரிய மேடைகள் கூப்பிடுவதில்லை. கல்யாண வீடுகளும் கூப்பிடுவதில்லை. அங்கே படப்பாட்டு வேண்டும். இவர்கள் தாங்களே எழுதுவார்கள், தாங்களே மெட்டுக் கட்டுவார்கள், தாங்களே ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு படியேறுவார்கள். ரொக் என்று வெளியில் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் இதற்குச் சொந்தப் பாட்டு என்று பெயர். "இண்டைக்கு எங்கயும் சொந்தப் பாட்டு இருக்கா?" என்று என் மனைவி கேட்டால், நான் மோட்டார் சைக்கிளைத் துடைக்கத் தொடங்கவேண்டும் என்று அர்த்தம்.

அவள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறாள். எனக்குப் பாட்டு நெஞ்சில் விழும்; அவளுக்கு விரலில் விழும், தாளத்தை எண்ணிக்கொண்டே கேட்பாள். அறுகம்பையிலிருந்து திரும்பிவரும்போது, கோமாரியின் தென்னைகள் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருக்க, காற்றை வென்று என் காதுக்குள் கத்துவாள்.

"இஞ்சாருங்க, அந்தக் கடைசிப் பாட்ட அவங்க ஏழுல அடிச்சாங்க. நீங்க எட்டுல தலையாட்டிட்டு நிண்டீங்க."

"எனக்கு எட்டாத்தான் கேட்டிச்சு."

"அதான் பக்கத்துல நிண்ட வெள்ளைக்காரன் உங்களப் பாத்துப் பாத்துச் சிரிச்ச."

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பான். நான் ஒரு சூட்கேசோடு இந்த வீட்டுக்கு வந்தபோது மனைவியின் தம்பிக்கு ஆறு வயது. இப்போது இருபத்தெட்டு. பகலில் கல்முனை பிரதான வீதியில் போன் திருத்துகிறான். பின்னேரங்களில் எனக்கும் அவனுக்கும் இடையில் ஒரு செங்கல் சுவர்தான். அந்தச் சுவருக்கு அங்கால் அவனுடைய பாட்டுகள் பிறந்தன. ஒரே அடியை நாற்பது தரம் பாடுவான். நாற்பத்தோராவது தரம் ஒரு சொல் மாறும். அந்தச் சொல் சரியான சொல்லாக இருக்கும். சுவருக்கு இந்தப்பக்கம் நான் என் தாளின் முன்னால் பேனையை மூடிவிட்டுச் சும்மா இருப்பேன். எனக்குத் தெரிந்தவர்களில் இவ்வளவு பொறுமையாகச் சொல்லைத் தேடுகிறவன் வேறு யாரும் இல்லை. என் மச்சினன் என்பதற்காகச் சொல்லவில்லை. மச்சினன் என்பதற்காகவும் சொல்கிறேன்.

அவனோடு மூன்று பேர். ட்ரம்ஸ் அடிப்பவர் மருதமுனையில் தறி நெய்கிறார். அவரும் என்னைப்போல மனைவி வீட்டில் குடியிருக்கும் மாப்பிள்ளை, ட்ரம்ஸும் அந்த வீட்டுத் தறிக்கொட்டிலில்தான் கிடக்கிறது. பேஸ் கிற்றார்காரன் சம்மாந்துறையில் அரிசி ஆலையில் வேலை. உமியைத் தட்டிவிட்டுத்தான் கிற்றாரை எடுப்பான். மற்றக் கிற்றார்காரன் பாண்டிருப்புத் தமிழ்ப் பையன், மச்சினனோடு கணினி படித்தவன், வாயைத் திறந்து பத்துச் சொல் கதைக்கமாட்டான், விரல் கதைக்கும். நாலு பேரும் அறுகம்பையில் வாசித்திருக்கிறார்கள், மட்டக்களப்பில், கண்டியில் ஒரு வீட்டு முற்றத்தில், கொழும்பில் புத்தகக் கடை ஒன்றின் பின்னறையில். எல்லா இடத்திலும் கைதட்டு விழுந்தது. எல்லா இடத்திலும் மச்சினன் முகம் ஒரு மாதிரியாகத்தான் திரும்பி வந்தது.

"என்னடா, நல்லாத்தானே தட்டினாங்க?" என்று கொழும்பிலிருந்து வரும்போது பஸ்ஸுக்குள் கேட்டேன்.

"தட்டினாங்க மச்சான். நான் எழுதின ஒண்டும் அவங்களுக்கு விளங்காது. விளங்காமத் தட்டினாங்க." யன்னலைப் பார்த்தபடி சொன்னான். "நம்மட ஊர்ப் பேச்சில, நம்மட ஆக்களப் பத்தி எழுதுறன். நம்மட ஆக்கள் ஒருக்காக் கேட்டுப்போட்டு, கூடாதெண்டாச்சும் சொல்லட்டும். அதுக்குப் பிறகு பாடுறதா விடுறதாண்டு பாப்பம்."

ஆகவே ஊரில் பாடுவது என்று முடிவானது. இடம் எங்கள் மருதமுனையில் நெசவுக்காரர்கள் கூட்டம் கூடுவதற்காக எந்தக் காலத்திலோ கட்டிய பழைய மண்டபம். நேரம் பற்றிப் பேச்சே எழவில்லை. எங்கள் ஊரில் இப்படியான காரியங்களுக்கு ஒரே நேரம்தான்: பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததிலிருந்து, பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை. வெயில் சாய்ந்து, வேலை முடிந்து, மனம் ஒரு தேநீருக்குப் பிறகு கொஞ்சம் இளகியிருக்கும் நேரம். அதற்குள் தொடங்கி அதற்குள் முடிக்கவேண்டும். இரவு முழுக்கப் பாடும் ஊர்களில் பாட்டு நீளும். எங்கள் ஊரில் பாட்டு இறுகும். அதில் எனக்கு ஒரு பெருமைதான்.

முதல் தடவை, அந்த மண்டபம் எங்களைத் தோற்கடித்தது.

அரைச்சுவருக்கு மாபிள் ஒட்டியிருந்தது, அதற்கு மேல் வழவழவென்று பெயின்ற், கூரை தகரம். மச்சினன் ஒரு சொல்லைப் பாடினால் அது நேரே போய்ப் பின்சுவரில் முட்டி, தகரத்தில் ஏறி, இறங்கி வரும்போது அவன் மூன்றாவது சொல்லில் நிற்பான். மூன்று சொல்லும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுந்தன. ட்ரம்ஸ் எங்கே அடிக்கிறது, எங்கே எதிரொலிக்கிறது என்று அடிப்பவருக்கே தெரியவில்லை. அறுபது எழுபது பேர் வந்திருந்தார்கள். நாலாவது பாட்டில் பாதிப்பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சண்டை இல்லை, கூச்சல் இல்லை. எங்கள் ஆட்கள் மரியாதையானவர்கள். மரியாதையாக எழும்பி, மரியாதையாகப் போனார்கள். கூச்சல் போட்டிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வாசலில் ஓய்வுபெற்ற தபாற்காரர் ஒருவர் அவன் கையைப் பிடித்து, "சவுண்டு நல்லம் மகன், மாஷா அல்லாஹ்" என்றார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார். "அது என்ன, இங்கிலீசுப் பாட்டா?"

அவன் சிரித்தான். பல் தெரியச் சிரித்தான். வீட்டுக்கு வந்து கிற்றாரைப் பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்து மூடினான். அந்தச் சத்தம் சுவருக்கு இந்தப்பக்கம் எனக்குக் கேட்டது. அன்றைக்குச் சுவருக்கு அங்கால் வேறு எந்தச் சத்தமும் இல்லை.

மனைவி தேநீரோடு போய் அவன் அறை வாசலில் நின்றாள். "டேய், ஒரு பரீட்சை பெயிலானா அடுத்ததையும் எழுதாம விடுறயா?"

"பெயில் எண்டாப் பரவாயில்ல ராத்தா. என்ட பேப்பர ஆரும் வாசிக்கவே இல்ல." தேநீரை வாங்கினான். "இன்னும் ஒருக்கா. அதிலயும் ஒண்டும் விளங்கல்லண்டா, நான் போன் திருத்துறதோட நிக்கிறன். மத்தவங்களும் பாவம்தானே, எத்தின காலத்துக்கு என்ட பின்னால இழுபடுற."

அவன் கோபத்தில் பேசுகிறவன் அல்ல. சொன்னால் செய்கிறவன். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து நானும் மச்சினனும் ட்ரம்ஸ்காரருமாக அவருடைய தறிக்கொட்டிலில் உட்கார்ந்திருந்தோம். ஒலிபெருக்கியை வேறு திசைக்குத் திருப்பலாமா, மைக்கை மாற்றலாமா என்று பேச்சு. மழை பிடித்திருந்தது. காயவைத்த சேலைகளை ட்ரம்ஸ்காரரின் மனைவி ஓடி ஓடி எடுத்துவந்து கொட்டிலுக்குள் கயிற்றில் போட்டுக்கொண்டிருந்தாள். அவளும் நெய்கிறவள், அந்த வீட்டில் நல்ல நெசவு யாருடையது என்பது பற்றி ஒரு பழைய வழக்கு இன்னும் முடியாமல் இருந்தது.

"நான் அண்டைக்குப் பொம்பிளைகள்ட பக்கம் இருந்த," என்றாள் கயிற்றுக்கு அந்தப்பக்கம் இருந்து. "பெரிய அண்டாக்குள்ள தேங்காய உருட்டின மாதிரி இருந்திச்சு."

"நீ பாட்டுக் கேக்க வந்தயா, சமைக்க வந்தயா?" என்றார் புருஷன்.

"நீங்க அடிச்சதுதான் தேங்காய். தம்பிர பாட்டுல ஒரு குத்தமும் இல்ல." கடைசிச் சேலையை விரித்தாள். "இப்ப அடிங்க பாப்பம்."

"என்னத்த?"

"அடிங்களன். ஒருக்கா."

அவர் குச்சியை எடுத்து அடித்தார். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அடி விழுந்த இடத்திலேயே கிடந்தது. எழும்பவில்லை, திரும்பவில்லை. ஈரச்சேலைகள் அதைக் குடித்துவிட்டன.

"வெயிலுக்கு நீங்க அடிச்சா எனக்கு மண்டை வெடிக்கும்," என்றாள். "மழைக்கு, சேலை உள்ளுக்குத் தொங்கிச்செண்டா, பக்கத்துல குந்தித் தறிக்கு நூல்தார் சுத்தவும் ஏலும். இத ஏழு வருசமாக் கவனிக்கிறன். ஆரு என்னக் கேட்ட?"

மச்சினன் எழும்பி இரண்டு சேலைகளுக்கு இடையில் போய் நின்று ஒரு வரி பாடினான். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, கழுவி வைத்த கோப்பைபோல, வந்து எங்கள் முன்னால் நின்றது.

மருதமுனையில் சேலை கேட்பது சீனி கேட்பதுபோல இல்லை. கல்யாண வீட்டுக்குக் கதிரை தருவார்கள், பாய் தருவார்கள், சேர்ந்திருந்து சாப்பிடும் சகன் தட்டுத் தருவார்கள். நெய்து மடித்து, இன்னும் விற்காத சேலையைத் தருவதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. ட்ரம்ஸ்காரரின் மனைவியும் என் மனைவியுமாக ஒழுங்கை ஒழுங்கையாக, வீடு வீடாகப் போனார்கள். மச்சினன் பின்னால் போனான். வேடிக்கை பார்க்க நானும் போனேன். ஒவ்வொரு வாசலிலும் ஒரே நிபந்தனைகள். ஆணி அடிக்கக்கூடாது. கரையில் கவ்வி போடக்கூடாது. முந்தானை நிலத்தில் முட்டக்கூடாது. எல்லாவற்றுக்கும் மச்சினன், "ஓம் மாமி, ஓம் ராத்தா" என்று தலையாட்டினான். கடைசியாக ஒன்று சொன்னார்கள், அதற்கும் ஆட்டினான்: சேலை தொங்கும்வரைக்கும் சேலைக்காரர் கீழே இருப்பார்.

"மாப்பிளயத் தனிய அனுப்புவம் தம்பி," என்றாள் ஒரு பெண், என்னைப் பார்த்துக்கொண்டே. "விக்காத சேலையத் தனிய அனுப்ப மாட்டம்."

வீட்டுக்கு வந்த பிறகுதான் என் மனைவி கணக்குப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு சேலை, முப்பத்தேழு வீடு. சேலைக்கு ஒருவர் இருவர் என்று வைத்தாலே மண்டபம் நிறைந்துவிடும். அதுமட்டும் இல்லை. "டேய்," என்றாள் தம்பியிடம், "இவங்க ஆரும் இடையில எழும்பிப் போக ஏலா. விளங்குதா? நல்லாப் பாடினாலும் இருப்பாங்க, கூடாமப் பாடினாலும் இருப்பாங்க."

அவன் முகம் வெளிறியதை நான் கண்டேன். ஆள் எழும்பிப் போவதற்குத்தான் அவன் பயந்து பழகியிருந்தான், போக முடியாமல் இருப்பதற்கு அல்ல.

அந்தச் சனிக்கிழமை அஸர் முடிந்த கையோடு வேலை தொடங்கியது. நெசவுக்காரருக்குக் கயிறு கட்டத் தெரியும். நாங்கள் தூக்கிக் கொடுத்தோம், அவர்கள் கட்டினார்கள். யன்னலிலிருந்து யன்னலுக்குக் கயிறு போட்டு, அதன்மேல் சேலைகளைச் சரிபாதியாக மடித்துத் தொங்கவிட்டார்கள். நாவல்பழ நிறம், மாம்பூ நிறம், கருநீலத்தில் வெள்ளைக் கட்டம். அந்த மண்டபத்தில் இருந்த மாபிளும் பெயின்றும் ஒவ்வொன்றாக மறைந்தன. பெண்களின் பக்கத்தில், "என்டதுக்கு மேல உன்டதப் போடாதகா, வெளிச்சத்துக்கு நிறம் தெரியட்டும்" என்று ஒரு வழக்கு எழுந்து, தானாகவே அடங்கியது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போய்விட்டது. பத்துப் பாட்டுப் பாட நினைத்தவர்கள் ஆறாகக் குறைத்தார்கள்.

பின்சுவர் மட்டும் வெறுமையாக நின்றது. சேலை முடிந்துவிட்டது. முதல் தடவை எல்லாச் சொல்லும் போய் முட்டியது அந்தச் சுவரில்தான்.

அப்போதுதான் ஒரு சைக்கிள் மண்டபத்து வாசலுக்குள்ளேயே வந்து நின்றது. கரியரில் சுருட்டிய பெரிய படங்கு. மீன் காயப்போடும் தார்ப்பாய். ஓட்டி வந்தவன் மச்சினனோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். இப்போது கரைவலை இழுக்கிறான். தோள் இரண்டும் அகன்று, வெயிலில் வெந்த செங்கல் நிறம்.

"படங்கு போதுமா, இல்லாட்டி வலையையும் கொண்டு வரயா?"

"டேய், மீன் மணக்குதுடா," என்றான் மச்சினன்.

"உன்ட பாட்டு மணக்காட்டி அது போதும்."

படங்கு பின்சுவரை முழுதாக மூடியது. அதன் உடையவன் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவனைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்கு யாரும் உட்காரவில்லை.

நான் நடுவில் நின்று ஒரு தடவை கைதட்டிப் பார்த்தேன். போன தடவை என் கைதட்டு மூன்றாகத் திரும்பி வந்தது. இந்தத் தடவை போனது போனதுதான்.

முதல் பாட்டு போன் கடையைப் பற்றியது. கண்ணாடி வெடித்த போன்களை மேசையில் வைத்துத் திருத்தும்போது அவற்றுக்குள் தெரியும் முகங்களைப் பற்றி அவன் எழுதியது.

கட்டாருக்குப் போனவன்ட முகம்
கண்ணாடி வெடிப்புக்குள்ள சிரிக்குது

ட்ரம்ஸ் அதற்கு அடியில் தாழ்ந்து ஓடியது. பேஸ் கிற்றார் ஆலை இயந்திரம்போல உறுமியது. அதற்கு மேலே சொற்கள் காய்ந்த நெல்லுப்போல உதிரி உதிரியாக விழுந்தன. நான் மேடையைப் பார்க்கவில்லை. சேலைகளுக்குக் கீழே இருந்த முகங்களைப் பார்த்தேன். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி அந்த வரி வந்ததும் மடியில் கிடந்த போனைக் கவிழ்த்து வைத்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரண்டாவது பாட்டு வேகமானது. எங்கள் ஊரில் ஒருவன் வீட்டிலிருந்து சந்திக்குப் போவதற்குள் அவனிடம் கேட்கப்படும் கேள்விகள் அத்தனையும் அதில் உண்டு: எங்க போறாய், எப்ப வந்தாய், ஆரோட வந்தாய், ஏன் மெலிஞ்சிட்டாய், சாப்பிட்டயா. மூச்சு விடாமல் பாடவேண்டும். "சாப்பிட்டயா" என்று அவன் முடித்து மூச்செடுத்த இடைவெளியில், பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் பதில் சொன்னது.

"இன்னும் இல்ல மகன், நீ முடிச்சாத்தானே!"

மண்டபம் முழுக்கச் சிரித்தது. பாண்டிருப்புப் பையன் சிரித்துக்கொண்டே ஒரு சுரத்தைத் தவறவிட்டான். அவன் தவறவிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்து விரலால் ஏழு என்று காட்டினாள். நான் தலையாட்டுவதை நிறுத்தினேன்.

மூன்றாவது பாட்டு கரைவலை. அவனுடைய பாட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது. மெதுவாகத் தொடங்கி, வலை கரையை நெருங்க நெருங்க இறுகி, கடைசியில் நாலு பேரும் ஒரே கயிற்றை இழுப்பதுபோல ஆகிவிடும்.

வாடை வீசுது வலையை வளை
வாப்பாட தோளில கயிறு கிடக்கு

"டேய்!"

பின்சுவரிலிருந்து வந்தது அந்தக் குரல். படங்குக்காரன் எழும்பி நின்றான். முகம் இறுகிப்போயிருந்தது. அவன் ஏதோ சொல்ல வாயெடுக்க, பக்கத்தில் இருந்தவர் சாறனைப் பிடித்து இழுத்தார். அவன் உட்காரவில்லை. வாசலைப் பார்த்தான், படங்கைப் பார்த்தான், நின்றான். மேடையில் மச்சினனின் குரல் ஒரு கணம் தளர்ந்தது. ட்ரம்ஸ்காரர் இரண்டு அடி கூட்டி அடித்து அவனைத் தாங்கினார். பாட்டு முடியும்வரைக்கும் அவன் பின்சுவரைப் பார்க்காமலே பாடினான். கைதட்டு விழுந்தது, பெரிய கைதட்டு. ஆனால் அவன் அந்த ஒரு ஆள் கைகட்டி நிற்பதைத்தான் கண்டான்.

ஆறு பாட்டும் முடிந்தன. பாங்குக்குக் கால்மணித்தியாலம் இருந்தது. சேலைக்காரர் தங்கள் தங்கள் சேலையை இறக்கி, கரை தட்டி, மடித்தார்கள். மடித்தபடியே பாட்டைப் பற்றிக் கதைத்தார்கள். "அந்தக் கேள்வி கேக்கிற ஆள் நம்மட மூத்தம்மா மாதிரியே" என்று ஒரு குரல். "உன்னப் பாத்துத்தான்கா எழுதியிருக்கான்" என்று இன்னொன்று. நான் கதவருகில் நின்று, கேட்ட ஒவ்வொன்றையும் உள்ளே எடுத்துவைத்துக்கொண்டேன். எழுதுகிற ஆள் நான். இந்த மண்டபத்தில் என் வீட்டுச் சுவருக்கு அங்கால் பிறந்த சொற்களை ஆட்கள் தங்களுக்குள் பங்குபோட்டுக்கொண்டிருந்தார்கள். நெஞ்சு கொள்ளவில்லை.

மச்சினன் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். படங்குக்காரன் படங்கைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நேரே மேடைக்கு வந்தான்.

"உனக்கு என்னில என்ன கோவம்?"

"எனக்கா?" என்றான் மச்சினன். "நீதானே நடுவுல எழும்பி நிண்டாய். பிடிக்கல்லண்டாப் போயிருக்கலாமே."

"எப்பிடிப் போற, படங்கக் கட்டி வெச்சிட்டீங்களே." படங்கைக் கீழே போட்டான். "அது என்ட வாப்பாடா."

"என்ன?"

"பாட்டுல வார ஆள். தோளில கயிறு. உன்ட வாப்பா கடைக்காரர், அவரு எப்பயடா வலை இழுத்த? அது என்ட வாப்பா. நாம ரெண்டு பேரும் பள்ளிவிட்டுப் போய்க் கரையில நிண்டு பாக்கிற. அததானே எழுதியிருக்காய்?"

மச்சினன் வயரை விட்டான். "ஓம்," என்றான் மெதுவாக. "உன்ட வாப்பாதான். கேட்டிருக்கோணும். எழுதினது பிழையெண்டா..."

"எழுதினது பிழை இல்ல. வாடையெண்டது பிழை! வாடைக்கு ஆரடா வலை வளைக்கிற? வாடைக்குக் கடல் வீட்டுக்க வரும். தோணி இறக்க ஏலா. அந்தக் காலத்துல என்ட வாப்பாவக் கடல்ல இறக்கி, வலையை வளையெண்டு பாடுறாய். ஆளக் கொல்லப் பாக்கிறயா?"

ட்ரம்ஸ்காரர் குச்சியை வாயில் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். மச்சினன் சிரிக்கவில்லை. அவன் நண்பனைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். கொழும்பிலும் கண்டியிலும் கைதட்டியவர்கள் யாரையும் அவன் அப்படிப் பார்த்ததில்லை.

"அப்ப என்ன காத்து?" என்றான்.

"கச்சான். கச்சானுக்குத்தான் கடல் தகரம் மாதிரிக் கிடக்கும். கச்சானெண்டு பாடு."

"கச்சானெண்டா ஆக்கள் கொறிக்கிற கச்சான் கடலையெண்டு நினைப்பாங்களே."

"அடே பேயா, வலையும் கையுமா நிக்கிறவன் கொறிக்கிறதையா நினைப்பான்? நம்மட ஆக்களுக்குக் காத்துத் தெரியாதா?"

மச்சினன் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தான். ட்ரம்ஸ்காரர் குச்சியால் தன் முழங்காலில் தட்டிப் பார்த்தார். "வருது," என்றார். "ரெண்டுக்கும் ரெண்டு அடிதான். இன்னும் இறுக்கமா விழுது."

"அடுத்த முற மாத்திப் பாடுறன்," என்றான் மச்சினன்.

அவன் அந்தச் சொற்களைச் சொன்னதை அவனே கவனித்தானோ தெரியாது. நான் கவனித்தேன். எனக்குப் பின்னால், மடித்த சேலைகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற என் மனைவியும் கவனித்தாள். என் தோளில் ஒரு இடி விழுந்தது, கணக்கு டீச்சருடைய முழங்கை.

"அடுத்த முற இல்ல," என்றான் நண்பன். "இப்ப பாடு. பிழையோட வாப்பாட்டப் போய் நான் என்ன சொல்ற?"

கரண்ட் கழற்றியாகிவிட்டது. ஒலிபெருக்கி லொறியில் ஏறிவிட்டது. சேலைகள் எல்லாம் இறங்கி, மாபிளும் தகரமும் பழையபடி வெளியில் வந்து நின்றன. அந்த வெறும் மண்டபத்தில் பாடினால் என்னவாகும் என்று எங்களுக்குத் தெரியும். ஆகவே நண்பன் சுருட்டிய படங்கை மறுபடி விரித்து, ஒரு பக்கத்தைத் தன் தோளிலும் மறுபக்கத்தை ட்ரம்ஸ்காரர் தோளிலும் போட்டு, மச்சினனுக்கு முன்னால் ஒரு திரைபோலப் பிடித்தான். மீன் மணத்துக்குள், மைக் இல்லாமல், மச்சினன் பாடினான்.

கச்சான் வீசுது வலையை வளை
வாப்பாட தோளில கயிறு கிடக்கு

சாமான் தூக்கிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். வாசலில் செருப்பு மாட்டியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நண்பன் கண்ணை மூடிக் கேட்டான், வலையின் பாரத்தைக் கையால் கணிக்கிறவனைப்போல.

"ஓம்," என்றான் கண்ணைத் திறந்து. "இப்ப சரி. இப்ப வலை போகும்."